விநாயகம் நடக்கக்கூடிய பாதைகள்

சென்னை
2-8-1981

அன்புள்ள அண்ணாவுக்கு,

ராமகிருஷ்ணன் எழுதுவது. நானும் வசந்தாவும் சுகமாக இருக்கிறோம். உங்கள் சுகத்துக்கும் அண்ணி சுகத்துக்கும் எழுதவும். அண்ணிக்குக் கைவலி குறைந்ததா?

தை மாதத்துக்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. கோபமாக இருப்பீர்கள் என்று தெரியும். இப்போது ஒரு காரியமாக எழுதுகிறேன்.

இந்த வருஷம் ஊனமுற்றோர் ஆண்டு என்று ரேடியோவில் கேட்டிருப்பீர்கள். அதை வைத்து எங்கள் கம்பெனி மனமகிழ் மன்றம் ஒரு நடைப்பயணம் போகிறது. மலை ஏறுவது கிடையாது. ஆற்றோரமாக மெதுவாக நடந்து, உட்கார்ந்து, சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். செஞ்சியை நான்தான் சொன்னேன். முப்பது பேர். வயதானவர்கள் உண்டு. விநாயகம் என்று ஒருவர், கால் சரியில்லாதவர், அவரும் வருகிறார்.

எந்தப் பாதை சமமாக இருக்கும், எங்கே படி வரும், உட்கார எங்கே நிழல், எவ்வளவு தூரம் என்று எழுதினால் உதவியாக இருக்கும். அந்தப் பக்கத்தை உங்களைப்போல் நடந்து பார்த்தவர் யாரும் இல்லை.

அண்ணிக்கு எங்கள் வணக்கம்.

தம்பி
ராமகிருஷ்ணன்


செஞ்சி
10-8-1981

ராமகிருஷ்ணனுக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். கைவலி போய் இப்போது தோள்வலி. நீ விசாரித்ததை உன் அண்ணியிடம் சொன்னேன். "கல்யாணத்துக்கு எட்டு நாளு அரிசி பொடச்ச கை அது, வலிக்காம இன்னா பண்ணும்? ஒங்க தம்பிக்கு அதக் கேக்கறதுக்கு ஆறு மாசம் ஆச்சா?" என்றாள். அப்படியே எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

உன் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு நீ அனுப்பியது ஒரு தந்தி. தபால் ஆபீசில் ஒரு நம்பரைச் சொன்னால் அவர்களே வாழ்த்து வாக்கியம் போட்டு அனுப்புவார்களே, அது. பந்தலில் நூறு பேர் "சித்தப்பன் எங்கே?" என்று கேட்டார்கள். நூறு பேருக்கும் நான் பொய் சொன்னேன். "கால் ஒடிந்தா கிடந்தாய்?" என்று மாசியில் கேட்டு எழுதினேன். அதற்குப் பதில் இல்லை. மனமகிழ் மன்றத்துக்கு மட்டும் உனக்குப் பேனா கிடைத்திருக்கிறது.

வேறு யாராவது கேட்டிருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன். ஆனால் பூகோள ஆசிரியனிடம் பாதை கேட்டுவிட்டாய். எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவனைத் தலைமையாசிரியன் ஆக்கிவிட்டார்கள், அவனுக்குக் கிழக்கு எது என்று கேட்டால் ஜன்னலைப் பார்ப்பான். அவனிடம் போய்க் கேட்டிருக்கலாம் நீ.

கோட்டைக்குள் கல்யாண மகாலைச் சுற்றி நடக்கலாம். சமதரை. வாசலில் சில படிகள். சிங்கவரம் சாலையில் புளியமரத்து நிழல் உண்டு, ஆனால் கோயில் மலைமேல். அது முடியாதவர்கள் கீழேயே நின்று கும்பிடட்டும்.

எல்லாவற்றிலும் சுலபம் ஆறுதான். பாலத்தடியிலிருந்து மாந்தோப்பு வரை. ஊர்த்தெருவில் செருப்புப் போட்டுக்கொண்டு போனால் அடிப்பார்கள் என்று நைனா நம்மை ஆற்றோடு பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனாரே, அதே பாதை. இப்போது அதில் சென்னைக்காரர்கள் காற்று வாங்க வருகிறார்கள். கரை கரடுமுரடு. ஆறு வற்றிக் கிடப்பதால் மணலில் இறங்கி நடந்துவிடுங்கள். மேடில்லை, பள்ளமில்லை. என் காலடியில் ஆயிரத்து இருநூறு.

ஆரஞ்சுத் தோலை ஆற்றில் போடக்கூடாது என்று உன் மன்றத்தாரிடம் சொல்.

பச்சைமுத்து


சென்னை
19-8-1981

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். கடிதம் கிடைத்தது. அண்ணி சொன்னதையும் படித்தேன். அவர் கேட்டதில் தப்பில்லை.

ஆற்றுப் பாதைதான் எனக்கும் பிடித்திருக்கிறது. சில சந்தேகங்கள். மணல் எவ்வளவு ஆழம்? ஊன்றுகோல் வைத்தால் இறங்குமா? விநாயகம் மணலில் நடக்க முடியாதாம். கரையோடு நடந்தால் எங்கெங்கே இறங்கி ஏற வேண்டும்? நடுவில் ஒரு வாய்க்கால் வருமே, அதை விநாயகம் எப்படித் தாண்டுவார்? பாதையில் பிடித்துக்கொள்ள மரம், சுவர் ஏதாவது உண்டா? விநாயகம் நூறு அடி நடந்தால் உட்கார வேண்டும்.

தொந்தரவுக்கு மன்னிக்கவும்.

ராமகிருஷ்ணன்


செஞ்சி
27-8-1981

ராமகிருஷ்ணனுக்கு,

உயிரோடு இருக்கிறோம்.

விநாயகம், விநாயகம், விநாயகம். சொந்த அண்ணன் மகள் பெயரைக் கடிதத்தில் ஒரு தடவை எழுத உனக்குக் கை வரவில்லை. அவள் எந்த ஊரில் குடித்தனம் செய்கிறாள் என்றாவது தெரியுமா? யாரோ ஒரு நொண்டி வாய்க்காலை எப்படித் தாண்டுவான் என்று உனக்குத் தூக்கம் வரவில்லை.

இருபத்தெட்டு வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். ஆற்று மணல் எவ்வளவு ஆழம் என்று ஒருவனும் கேட்டதில்லை. இருந்தாலும் நேற்றுச் சாயங்காலம் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். ஊன்றுகோல் ஒரு சாண் இறங்கும். போகிறவர் வருகிறவரெல்லாம் "இன்னா சார், தண்ணிக்கு ஊத்துப் பாக்கறீங்களா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

கரையில் மூன்று இடத்தில் இறங்கி ஏற வேண்டும். வாய்க்காலைத் தாண்டித்தான் போக வேண்டும். பிடித்துக்கொள்ள வேலிக்காத்தான் முள் உண்டு, பிடித்துக்கொள்ளச் சொல்.

ஒரு ஆளுக்காக இருபத்தொன்பது பேரைக் கெடுக்காதே. அந்த விநாயகத்தை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். நடக்க முடியாதவனுக்கு செஞ்சியில் என்ன வேலை?

பச்சைமுத்து


சென்னை
5-9-1981

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு வசந்தா வணக்கத்துடன் எழுதுவது.

நீங்களும் அக்காவும் நல்லபடியாக இருக்க வேண்டும். இந்தக் கடிதம் இவருக்குத் தெரியாது. பதிலைக் கீழ் வீட்டு ராஜாம்பாள் அம்மா பெயருக்குப் போடுங்கள்.

மாமா, விநாயகம் என்று யாரும் இல்லை. மன்றமும் இல்லை. போன மார்கழி பத்தாம் தேதி கம்பெனி வாசலில் லாரி பின்னால் வந்தபோது இவர் சுவருக்கும் லாரிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கல்யாண வீட்டுக்கு இந்தச் சேதி போகக்கூடாது என்று என்னிடம் கையடித்துச் சத்தியம் வாங்கினார். அந்தத் தந்தியை ஆஸ்பத்திரியிலிருந்து ஓடிப்போய்க் கொடுத்தது நான்தான்.

கல்யாணம் முடிந்ததும் எழுதலாம் என்றிருந்தோம். அதற்குள் மாசியில் உங்கள் கடிதம் வந்துவிட்டது. படித்துவிட்டு, "இப்ப சொன்னா அண்ணனுக்குப் பதிலுக்குப் பதில் சொன்ன மாதிரி ஆயிடும். அந்த வரிய எழுதினோமேன்னு நெனச்சி நெனச்சியே அவரு செத்துடுவாரு" என்றார். அப்படியே நாள் போய்விட்டது.

இப்போது செயற்கைக் கால் பொருத்திக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்குள் கோலூன்றி நடப்பார். வாசல் தாண்டமாட்டார். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே போவதால் கதவைத் திறப்பதையே விட்டுவிட்டார். அப்படி இருந்தவர், நீங்கள் ஆயிரத்து இருநூறு காலடி என்று எழுதியதிலிருந்து வராந்தாவில் எண்ணிக்கொண்டு நடக்கிறார். நேற்று முந்நூற்றுப் பத்து.

நொண்டியை விட்டுவிட்டு வா என்று எழுதினீர்களே, அதைப் படித்துச் சிரித்தார், மாமா. எட்டு மாதத்துக்குப் பிறகு சிரித்தார். "எங்கிட்ட இன்னும் பழைய மாதிரி பேசறது எங்கண்ணன் ஒருத்தருதான்" என்றார். உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிந்தால் வரமாட்டார். தயவுசெய்து எப்போதும் போலத் திட்டியே எழுதுங்கள்.

வசந்தா


செஞ்சி
12-9-1981

வசந்தாவுக்கு ஆசிகள்.

நான்கு முறை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

ஒன்பது மாதம் புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கிறீர்கள். அதைப் பிறகு பேசுகிறேன். உன் அக்காவிடம் சொன்னேன். அவள் அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை.

எத்தனை அங்குல உயரமுள்ள படியை அவனால் ஏற முடியும்? எந்தக் கையில் கோல்? எவ்வளவு தூரத்துக்கு ஒருமுறை உட்கார வேண்டும்? அளந்து எழுது. குத்துமதிப்பாக எழுதாதே.

திட்டி எழுதச் சொல்கிறாய். ஆகட்டும். அது ஒன்றுதான் எனக்குச் சுலபமாக வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

பச்சைமுத்து


செஞ்சி
27-9-1981

அன்புள்ள தம்பி ராமகிருஷ்ணனுக்கு,

இங்கு நாங்கள் நலம். நீயும் வசந்தாவும் நலமாக இருக்க வேண்டும். சாப்பாடெல்லாம் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

ஆற்றோரப் பாதையைப் பற்றிக் கேட்டிருந்தாய். இப்போது ஒரு வேடிக்கை நடந்திருக்கிறது. யாரோ பெரிய அதிகாரி வருகிறாராம். அவசரம் அவசரமாகப் பாதையைச் சரிசெய்திருக்கிறார்கள். கரைமேல் பாலத்தடியிலிருந்து மாந்தோப்பு வரை பலகைக் கல் பதித்தாயிற்று. இறங்கி ஏறும் மூன்று இடத்திலும் சரிவாக மண் போட்டுக் கெட்டித்திருக்கிறார்கள். வாய்க்கால் மேல் இரண்டு நீளக் கல், இடது பக்கம் மூங்கில் கைப்பிடி. அறுபது காலடிக்கு ஒன்றாக உட்காரக் கல்மேடை. ஒரு படிகூட நாலு அங்குலத்துக்கு மேல் இல்லை. முள்ளை வெட்டிவிட்டார்கள். கல்லுடைக்கிற கோவிந்தசாமியும் அவன் ஆட்களும்தான் செய்தார்கள். நல்ல வேலைக்காரன்.

உன் மன்றத்தார் தாராளமாக வரலாம். விநாயகத்தையும் அழைத்து வா. அவர் அவசரப்பட வேண்டாம், மெதுவாக வரட்டும். யாருக்கு வேண்டுமானாலும் கால் வலிக்கும், அதில் ஒன்றும் இல்லை. நம் வீட்டிலேயே சாப்பிடலாம்.

சென்னைக்காரர்களுக்கு நேரம் காலம் தெரியாது, அது எனக்குப் பிடிக்காது, அதையும் சொல்லிவைக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். மாடிப்படியில் பார்த்து இறங்கு.

அன்புடன் அண்ணன்
பச்சைமுத்து


சென்னை
4-10-1981

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

கல்யாணப் பேச்சு இல்லை. தலைமையாசிரியரைக் காணோம். ஆரஞ்சுத் தோல் இல்லை. விநாயகம் 'அவர்' ஆகிவிட்டார். என் ஆயுளில் முதல் தடவையாக 'அன்புடன் அண்ணன்' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். வாய்க்காலுக்குக் கைப்பிடி போடும் அதிகாரி எந்த ஜில்லாவிலும் பிறக்கவில்லை, அண்ணா. அதுவும் கோல் பிடிக்காத கைப் பக்கமாகப் பார்த்துப் போட.

வசந்தாவைக் கேட்டேன். முதலில் இல்லை என்றாள். பிறகு அழுதாள்.

மன்றம் பயணத்தைக் கைவிட்டுவிட்டது. விநாயகம் வேலையை விட்டுவிட்டார்.

உங்கள்மேல் கோபமில்லை. டாக்டர், மேனேஜர், அக்கம்பக்கம் எல்லோரும் இப்படித்தான் என்னிடம் மெத்தென்று பேசுகிறார்கள். என்னோடு இன்னும் சரிக்குச் சரி சண்டை போடுகிற ஒரு ஆள் ஊரில் இருக்கிறார் என்று நினைத்திருந்தேன். அவரைப் பார்க்கத்தான் வர ஆசைப்பட்டேன். அந்த ஆளும் போய்விட்டார். இனி அங்கே வந்து என்ன பார்ப்பது? கல்லையா?

அண்ணியிடம் அழவேண்டாம் என்று சொல்லுங்கள்.

ராமகிருஷ்ணன்


செஞ்சி
9-10-1981

டேய் ராமகிருஷ்ணா,

சுகமாக இருக்கிறாயா இல்லையா என்று இந்தக் கடிதத்தில் கேட்கப் போவதில்லை.

உனக்குச் சண்டைதானே வேண்டும்? கேள். கால் போனதால் கல்யாணத்துக்கு வரவில்லை. சரி, அதை விட்டுவிடுகிறேன். சொல்லாமல் இருந்தாயே, அதற்கு எந்த லாரியைக் காட்டுவாய்? நீ அறுத்த காலோடு கிடந்தபோது நான் பந்தலில் நின்று உன்னை மனசுக்குள் கேவலமாகத் திட்டினேன். மாசியில் உட்கார்ந்து அந்தக் கடிதம் எழுதினேன். என்னை அப்படி எழுத வைத்தது யார்? ஒரு கார்டு போட்டிருந்தால் மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்திருப்பேன். அண்ணன் செத்துவிடுவான் என்று நீயே முடிவு செய்தாயாம். நான் சாவதா இருப்பதா என்று தீர்மானிக்க நீ யார்? உன்னைவிட ஆறு வயது பெரியவன் நான்.

இதை நான் மன்னிக்கப் போவதில்லை. நன்றாக எழுதி வைத்துக்கொள். உனக்கு இரண்டு காலும் இருந்து, நான்கு கால் இருந்து இதைச் செய்திருந்தாலும் மன்னிக்கமாட்டேன். தலைமையாசிரியன் மேல் எனக்கு இருக்கும் கோபம் ஓய்வு பெற்றால் போய்விடும். இது போகாது.

மெத்தென்று எழுதினேனாம். ஒரு கடிதம் எழுதியதற்கு இவ்வளவு ரோஷம். உன் பெண்டாட்டி சொல்லிக்கொடுத்தபடி நடிக்கப் பார்த்தேன், வரவில்லை. வாத்தியார் வேலை எனக்குத் தெரியும், கூத்துக் கட்டத் தெரியாது.

கல்லையா பார்ப்பது என்று கேட்கிறாய். அந்தக் கல்லைக் கோவிந்தசாமியோடு சேர்ந்து நானும் தூக்கினேன். முதுகு பிடித்துக்கொண்டு மூன்று நாள் லீவு போட்டேன். வந்து பார். பார்க்காவிட்டால் போ. அந்தப் பாதையில் ஆடு நடக்கும்.

பச்சைமுத்து


செஞ்சி
28-11-1981

ராமகிருஷ்ணனுக்கு,

இங்கு மழை. உன் அண்ணிக்கு ஜலதோஷம்.

ஆற்றில் வெள்ளம் வந்தது. மாந்தோப்புப் பக்கம் பதினேழு கற்களை அடித்துக்கொண்டு போய்விட்டது. கோவிந்தசாமியிடம் சொல்லியிருக்கிறேன். தண்ணீர் வடிந்ததும் போடுகிறான்.

ஐம்பது நாளாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. நாள் கணக்கைத் தெரிவிக்கிறேன், அவ்வளவுதான்.

பச்சைமுத்து


செஞ்சி
27-1-1982

ராமகிருஷ்ணனுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? சேர்ந்தால் ஒரு கார்டு போட மாட்டாயா? உன் அண்ணி தினம் தபால்காரனை வழிமறிக்கிறாள். எனக்கு மானம் போகிறது.

பஸ் கிளம்பிவிட்டதால் சொல்ல முடியாமல் போனவற்றை எழுதுகிறேன்.

வருஷத்தில் முந்நூற்று அறுபத்தைந்து நாள் இருக்கிறது. ஊர்க்கண் படும் என்று ஒரு வருஷம் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தவன், தை ஐந்தாம் நாள், ஆற்றுத் திருவிழா அன்று, சுற்றுப்பட்டுச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு மணலில் வந்து இறங்கியிருக்கும் நேரத்தில், ஊரே கரும்பும் கையுமாக நிற்கும்போது, பாலத்தடியில் பஸ்ஸை விட்டு இறங்குகிறாய். முன்கூட்டி ஒரு வரி எழுதவில்லை. யாரோ வந்து, "சார், ஒங்க தம்பி கரையோட நடந்து வர்றாரு" என்று சொன்னபோது என் கையில் இருந்த தேங்காய் கீழே விழுந்தது. அது சாமிக்கு வைத்த தேங்காய்.

ஓடி வந்தவனிடம் நீ சொன்ன முதல் வார்த்தை என்ன? "இன்னாண்ணா இது, கல்லுக்கும் கல்லுக்கும் இவ்ளோ தூரம்? ஒட்டகம் நடக்கறதுக்கா போட்டீங்க?" என்றாய். அத்தனை பேர் முன்னால். கோவிந்தசாமி சிரிக்கிறான். படியின் உயரத்தைக் கேட்டு வாங்கியவன் காலடியின் நீளத்தைக் கேட்கவில்லை, என் காலடிக்குப் போட்டுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக ஒட்டகமா?

அதோடு விட்டாயா? மாந்தோப்பு வரை வந்தாயிற்று, போதும் என்று சொன்னேன். "சாமி கீழதான இருக்குது" என்று மணலில் கால் வைத்தாய். ஒரு சாண் இறங்கும் என்று அளந்து எழுதியவன் நான். மூன்றாவது அடியில் விழுந்தாய். நாலு பேர் தூக்க ஓடிவந்தார்கள். அப்போது நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. உன் அண்ணிதான் சொல்கிறாள். "உடுங்கடா அவன! சொன்ன பேச்சு கேக்காத பய, கெடக்கட்டும்! ஒரு கார்டு போட்டானா? கெடக்கட்டும்!" என்று கத்தினேனாம். மேளக்காரன் மேளத்தை நிறுத்திவிட்டானாம்.

நீ மல்லாந்து கிடந்து சிரித்தாய். வசந்தாவும் சிரித்தாள். பைத்தியக்காரக் குடும்பம் என்று ஊர் நினைத்திருக்கும்.

நீயாகக் கோலை ஊன்றி, புரண்டு, முட்டி போட்டு எழுந்து நிற்பதற்குள் இரண்டு சாமிகள் குளித்துக் கரையேறிவிட்டன. ஒருவரும் உன்னைத் தொடவில்லை. அந்த நேரம் முழுவதும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன் என்று வசந்தா அண்ணியிடம் குறைப்பட்டாளாம். நான் சாமியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் உன் அண்ணியும் பனமலைக்குப் போனோம். கோயில் குன்றின்மேல், அதற்குப் படி ஏற வேண்டும். அதை இந்தத் தடவை விட்டுவிடு. கீழே ஏரிக்கரை நல்ல கெட்டித் தரை, ஓரத்தில் பனைமரம், தண்ணீர் விளிம்பு வரை நிற்கிறது. எழுநூற்று நாற்பது காலடி. என் காலடி வேண்டாம் என்று உன் அண்ணியை நடக்கவிட்டு எண்ணச் சொன்னேன். நாரை பறந்தால் நின்றுவிடுகிறாள். யாராவது தெரிந்தவர்கள் வந்தால் பேசுகிறாள். எண்ணிக்கை மறந்துபோய், "மொதல்லேந்து வர்லாமா?" என்கிறாள். வெயிலில் மூன்று தடவை நடந்தோம். எனக்குக் குதிகால் வெடித்துவிட்டது. இதற்கும் நீதான் பதில் சொல்ல வேண்டும்.

மாசி முடிவதற்குள் வா. அதற்குப் பிறகு தண்ணீர் குறைந்துவிடும்.

பச்சைமுத்து